அடுப்பு என்ன சொல்கிறது?



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இடைவேளையில் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் அம்மாதான் எடுத்தார்கள்.

"சாப்டீங்களாம்மா?"

"ஆங்... சாப்ட்டேன் மக்ளே."

நாக்கு குழறியது. "என்ன சாப்டீங்க?" என்று கேட்டதற்கு, "மழ பெய்யுதா அங்க?" என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிமிபிரைடு மாத்திரை போடுவார்கள். எனக்குப் புரிந்துவிட்டது: மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை.

என் கணவர் வெளியூரில் இருந்தார். இரண்டு தெரு தள்ளி நம் சபையின் கல்லூரித் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளை அழைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஓடிப் போனாள். அம்மா வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். மீட்டரில் சர்க்கரை 58. போனிலேயே சொல்லச் சொல்ல, அரை கப் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள், 84. என் உயிர் திரும்பி வந்தது.

அம்மா ஏன் சாப்பிடவில்லை? உப்புமா கிண்டலாம் என்று அடுப்பைத் தொட்டிருக்கிறார்கள். அது 'பீப்' என்று கத்தி, 'எல்' என்ற எழுத்தைக் காட்டியிருக்கிறது. எதைத் தொட்டாலும் அதே சத்தம். "பிள்ளைகளோட விலை கூடுன அடுப்ப கெடுத்துட்டேன்" என்று நினைத்து, வேலையில் இருக்கிற என்னைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், இரண்டு பிஸ்கட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த 'எல்' பழுதே இல்லை. குழந்தைகள் தொட்டுவிடாதபடி வைத்திருக்கும் பூட்டு. துடைக்கும்போது அம்மாவின் கை பட்டுப் பூட்டிக்கொண்டது. தங்கை பூட்டுப் படத்தின் மேல் விரலை மூன்று விநாடி வைத்தாள், திறந்துகொண்டது. அவளே உப்புமா கிண்டி, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் இந்த மாதம் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். கண்ணாடி மேல்தளம் உள்ள மின் அடுப்புகள் காட்டும் எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு அடுப்பில் 'ஈ 2' என்பது ஒன்று, இன்னொன்றில் வேறு. ஆகவே முதல் வேலை, உங்கள் அடுப்பின் மாடல் எண்ணைக் கண்டுபிடித்து அதற்குரிய கையேட்டைப் போனில் சேமித்து வைப்பது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் வரும் தொல்லைகள் சிலவே.

'எச்' எழுத்து: இது பிழை அல்ல. அணைத்த பிறகும் கண்ணாடி சுடுகிறது என்ற எச்சரிக்கை. அது மறையும்வரை கையோ துணியோ பிளாஸ்டிக்கோ வைக்கக் கூடாது.

பாத்திரப் படம் மின்னுவது: இண்டக்‌ஷன் அடுப்பில் வரும். அது காந்தப் புலத்தால் பாத்திரத்தையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதற்குத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இண்டாலியம் சட்டி, செம்புப் பாத்திரம், மண்சட்டி எதுவும் வேலை செய்யாது. எவர்சில்வரில் சிலது ஆகும், சிலது ஆகாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்தால் சரி. இரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும். சின்னத் தாளிப்புக் கரண்டியை அடுப்பு கண்டுகொள்ளாது. அடி அகலம் போதாது.

கஞ்சி பொங்கி வழிந்தால்: தொடு பட்டன்களின் மேல் தண்ணீரோ ஈரத் துணியோ இருந்தால், யாரோ விரலை வைத்து அழுத்துவதாக அடுப்பு நினைத்துக்கொள்ளும். கத்திவிட்டு அணைந்துவிடும். சூடு ஆறியதும் நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு மறுபடி போடுங்கள்.

சூடு மிஞ்சினால்: வெறும் தோசைக்கல்லை அதிகச் சூட்டில் நெடுநேரம் விட்டால், அல்லது கீழே உள்ள இழுப்பறையில் பொருட்களைத் திணித்து விசிறியின் காற்றை அடைத்தால், அடுப்பு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பாத்திரத்தை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். காற்றுக்கு வழி விடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல் 'ஈ' அல்லது 'எஃப்' எழுத்தோடு எண் வந்தால், முதலில் அதைப் படம் எடுங்கள். பிறகு பிரேக்கர் பெட்டியில் அடுப்புக்குரிய சுவிட்சை அணையுங்கள். இந்த நாட்டில் பதித்த அடுப்புகள் 240 வோல்ட்டில் ஓடுபவை. அதனால் இரண்டு சுவிட்ச் சேர்ந்தாற்போல் இருக்கும். சில நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். எழுத்து போய்விட்டால் நல்லது. திரும்ப வந்தால், அல்லது பிரேக்கர் மறுபடி விழுந்தால், அதோடு நிறுத்திவிட வேண்டும். அப்பார்ட்மென்ட் என்றால் ஆபீசுக்குச் சொல்லுங்கள். சொந்த வீடு என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். யூடியூப் பார்த்து மூடியைக் கழற்ற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் ஷாக் அடிக்கும். கண்ணாடியில் விரிசல் தெரிந்தால் எழுத்து வரும்வரை காத்திருக்காமல் பிரேக்கரை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. தாத்தா பாட்டிக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால், எரியும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து கருவி 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்கிறது. அதாவது இரண்டு அடி. அவர்கள் சமைப்பதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் வார்டிலும் நாள் முழுவதும் ஏதோ ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் தன்னிடம் பதிவானதாக 2013-இல் அறிவித்தது. அவற்றில் 80 பேர் இறந்தார்கள். பல இடங்களில் அலாரம் சரியாகவே அடித்தது. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காதுகள் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒன்றுமில்லாத அலாரத்தை அம்மா பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய உடம்பு அடித்த அலாரத்தை அவர்களே கவனிக்கவில்லை. எங்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருவது இதுதான்: மெஷின் கத்தினால் முதலில் மனுஷரைப் பார், பிறகு மெஷினைப் பார்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் செய்ய வேண்டியதையும் மனதில் வையுங்கள். 15 கிராம் சர்க்கரை, அதாவது அரை கப் ஜூஸ் அல்லது ஒரு மேசைக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 911.

இந்தக் கோடையில் உங்களில் பலர் வீட்டுக்குப் பாட்டி தாத்தா வருவார்கள். அவர்களுக்காக ஒரு பத்து நிமிடம் தாருங்கள். அடுப்பின் பூட்டை நீங்கள் திறந்து காட்டினால் போதாது. அவர்கள் விரலாலேயே இரண்டு முறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். அடுப்பின் பிரேக்கர் எது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். 'எல்' வந்தால் என்ன, 'எச்' வந்தால் என்ன என்று பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவில் மாட்டுங்கள். அடுப்பு இல்லாமலே சாப்பிட ஏதாவது எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, "எது கெட்டாலும் பரவாயில்ல பாட்டி, எங்களக் கூப்பிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது அம்மா தினமும் பத்து மணிக்கு எனக்கு ஒரு படம் அனுப்புகிறார்கள்: காலியான தட்டின் படம்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா