புகைபோக்கி இருக்கு, மூச்சு விடுற ஆள் எங்கே?

ஓவியத்துக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. நுரையீரலும் வரும், சர்க்கரை நோயும் வரும். நீளமான த்ரெட், நேரம் இருக்கும்போது படிங்க.

1927. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்துல, ரூஜ் ஆற்றங்கரையில் ஃபோர்டு கம்பெனியின் மாபெரும் கார் ஆலை. புது மாடல் ஏ கார் வரப்போகுது. அதுக்கான விளம்பர வேலைக்காக சார்ல்ஸ் ஷீலர் என்ற ஓவியரை கேமராவோட அங்கே அனுப்புறாங்க. ஆறு வாரம் ஃபோட்டோ எடுக்கிறார். அதுல கிடைச்சதை வைத்துப் பிறகு அவர் தீட்டிய ரெண்டு ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை: 'அமெரிக்கன் லேண்ட்ஸ்கேப்' (1930), 'கிளாசிக் லேண்ட்ஸ்கேப்' (1931).

நெட்ல தேடி ஒரு தடவை பாத்துட்டு வாங்க. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி கோடுகள், தூரிகை பட்ட தடமே தெரியாத வண்ணம். இந்தப் பாணிக்குப் பேர் பிரிசிஷனிசம். சங்கம் வைத்து அறிக்கை விட்டு ஆரம்பிச்ச இயக்கம் இல்லை. 1920, 30-களில் ஆலை, பாலம், குதிர், தண்ணீர்த் தொட்டி என்று ஒரே மாதிரி வரைந்த சிலருக்குச் சேர்த்துக் கொடுத்த பெயர்.

பாத்தாச்சா? அழகா இருக்குல்ல? எனக்கும் பிடிக்கும். ஆனா ஒரு டாக்டரா எனக்கு அதுல ஒண்ணு உறுத்துது.

ஆயிரக்கணக்கானோர் ஷிஃப்ட் ஷிஃப்டா உழைத்த ஆலை அது. முதல் படத்தில் தண்டவாளத்துப் பக்கம் எறும்பு சைஸ்ல ஒரே ஒரு மனுஷன். ரெண்டாவது படத்தில் யாருமே இல்லை. அந்த ரெண்டாவது படம் காட்டுறது ஆலையோட எந்தப் பகுதி தெரியுமா? சிமென்ட் தயாரிக்கிற இடம்! சிமென்ட் வேலை பாத்தவங்க வீட்ல துணி துவைச்சவங்களைக் கேளுங்க, தூசின்னா என்னன்னு சொல்வாங்க. படத்துல ஒரு துளி தூசி இல்லை. புகை இருக்கு, ஆனா அது மேகத்தோட மேகமா சாதுவா நிக்குது. இந்தப் படத்தை வாங்கியது யார்? ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் ஃபோர்டு.

அடுத்த வருஷமே, 1932 மார்ச் 7 அன்று, வேலை இழந்த தொழிலாளர்கள் இதே ஆலையை நோக்கி ஊர்வலமா போனாங்க. வேலை கேட்டாங்க. கூடவே இலவச மருத்துவமும் கேட்டாங்க. போலீசும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் நாலு பேர் அங்கேயே இறந்தாங்க, அஞ்சாவது ஆள் பின்னால் இறந்தார்.

"அந்தக் காலத்து ஓவியர் அப்படித்தான் வரைவார், அரசியல் தேடாதீங்க டாக்டர்"னு சொல்ல வருவீங்க. அதே 1932-ல் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா டெட்ராய்ட் வந்தார். அதே ஆலையைச் சுத்திப் பாத்தார். டெட்ராய்ட் கலைக்கூடத்துச் சுவர்களில் 27 பகுதிகளா வரைந்து தள்ளினார். முதுகு வளைச்சு இழுக்கிற, தள்ளுற, வியர்க்கிற ஆட்கள் சுவர் பூரா. ஒரு மூலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுற காட்சிகூட உண்டு, அதுக்காகவே எனக்கு அவர் மேல தனிப் பிரியம். அதுக்கும் பணம் கொடுத்தது எட்செல் ஃபோர்டுதான். ஆக, வரைஞ்சிருக்க முடியும்.

பிரிசிஷனிஸ்டுகள் எல்லாரையும் ஒரே தராசில் போடவும் முடியாது. எல்சி ட்ரிக்ஸ் என்ற பெண் ஓவியர் 1927-ல் 'பிட்ஸ்பர்க்' வரைந்தார். ஆலைக்குள்ள போறது அவருக்கு எளிதா அமையலை. தங்கியிருந்த மேட்டில் இருந்து பாத்து வரைந்தார். கறுத்துப் பெருத்த குழாய்கள், சுத்திப் புகை. அந்தப் படத்தைப் பாத்தா எனக்கு இருமல் வரும். அதை நான் பாராட்டாத்தான் சொல்றேன்.

அந்த எஃகாலை இருந்தது மொனொங்கஹீலா ஆற்றங்கரையில். அதே ஆற்றில் தெற்கே போனா டொனோரா. 1948 அக்டோபரில் அங்கே குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி படிஞ்சு, துத்தநாக ஆலை, எஃகாலைப் புகை சில நாட்கள் ஊருக்குள்ளேயே தேங்கியது. சுமார் 14,000 பேர் இருந்த ஊரில் 20 பேர் இறந்தாங்க, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறினாங்க. காற்று மாசு உயிரைக் குடிக்கும்னு அமெரிக்கா கண்ணால் பாத்த சம்பவம்.

இத்தாலி டாக்டர் ரமாசினி 1700-லேயே சொல்லிட்டார்: நோயாளிகிட்ட "என்ன வேலை பாக்குறே?"ன்னு கேளுன்னு. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், வேலையை விட்டுப் பல வருஷம் கழிச்சுக்கூடத் தலை காட்டும். அதனால டாக்டர் கேக்க மறந்தாலும், இப்பப் பாக்குற வேலை மட்டுமில்ல, இருபது வருஷம் முன்னாடி பாத்த வேலையையும் நீங்களே சொல்லிடுங்க. ஆலையைச் சுத்தமா வரைஞ்சு ஆளை அழிக்கிற வேலையை ஓவியர் மட்டும் செய்யலை. எங்க கேஸ் ஷீட்டும் பல நேரம் செய்யுது.

இப்ப சர்க்கரைக்கு வர்றேன். சார்ல்ஸ் டெமுத், இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர். (கவிஞரும் டாக்டருமான வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸோட நண்பர். அவர் கவிதையை வைத்து டெமுத் 1928-ல் வரைந்த தங்க நிற '5' ரொம்பப் பிரபலம். எங்க தொழில்லயும் கவிஞர் உண்டு, நோட் பண்ணிக்கோங்க.)

டெமுத்துக்கு நீரிழிவு. இன்சுலின் வரும் முன் இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் பட்டினி. உயிர் போகாத அளவுக்கு மட்டும் சாப்பாடு. டாக்டர் ஆலனின் சிகிச்சை நிலையத்தில் அதை அனுபவித்தவர் அவர். 1922-ல் டொராண்டோவில் முதல் மனிதருக்கு இன்சுலின் போட்டாங்க. மாடு, பன்றிக் கணையங்களில் இருந்து அதைப் பிரித்துத் தொழிற்சாலையில் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய உடனே, அதைப் பெற்ற ஆரம்பகால நோயாளிகளில் டெமுத்தும் ஒருவர். அவரோட கடைசிப் பன்னிரண்டு வருஷமும் ஆலை போட்ட பிச்சை.

1927-ல் தன் சொந்த ஊரான லங்காஸ்டரில் இருந்த பிரம்மாண்டமான கான்கிரீட் தானியக் குதிரை வரைந்து, 'மை ஈஜிப்ட்' என்று பேர் வைத்தார். என் எகிப்து. எகிப்துன்னா பிரமிடு, பிரமிடுன்னா கல்லறை. அதுலயும் ஆள் இல்லை. ஆனா எனக்கு அது காலியாத் தெரியலை. தானியத்தைக் கண்ணால மட்டும் பாக்க விதிக்கப்பட்ட ஒருத்தர், ஊருக்கே சோறு போடுற குதிர் முன்னாடி அண்ணாந்து நிக்கிறார்.

1935-ல் அதே ஊரில் டெமுத் இறந்தார். வயசு 51. அந்தப் படம் இன்னைக்கும் நியூயார்க் விட்னி மியூசியத்தில் இருக்கு.