பிழை உங்களுடையதன்று

எழுத்தறியாமை ஒருவரைப் பிறர் வாசலில் நிறுத்துவதைப் போலவே, இன்று கருவியறியாமையும் நிறுத்துகின்றது. முன்னாளில் அரசாங்கக் கடிதத்தை அயலவரிடம் நீட்டி வாசித்துச் சொல்லுமாறு கேட்டோம். இன்று கைத்தொலைபேசியை நீட்டுகின்றோம். இந்நிலையில், சாதாரண மக்களுக்காகக் கணனியைப் பற்றி எழுதுவதையே தமது வாழ்நாட் பணியாக்கிக் கொண்ட ஒரு பத்திரிகையாளரை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று எனக் கருதுகின்றோம்.

அமெரிக்கரான வோல்ட் மொஸ்பேர்க் 1970ஆம் ஆண்டில் ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ பத்திரிகையிற் சேர்ந்தார். பாதுகாப்புத் துறை, வெளிநாட்டு விவகாரம், தொழிலாளர் பிரச்சினை என இருபது ஆண்டுகள் செய்தி எழுதினார். 1991 ஒக்டோபரில் அப்பாதையை விட்டு விலகி, வீட்டுப் பாவனைக்குரிய கணனிகளைப் பற்றி வாரந்தோறும் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார்.

அந்நாளிற் கணனியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் வல்லுநர்களே. அவர்கள் எழுதியதும் தம்மைப் போன்ற வல்லுநர்களுக்கே. மொஸ்பேர்க்கின் முதற் பத்தி தொடக்க வசனத்திலேயே அவ்வழக்கத்தை உடைத்தது. கணனிகள் கையாள்வதற்கு மிகக் கடினமானவை, அக்கடினம் பாவனையாளரின் பிழையன்று என்பதே அவ்வசனத்தின் சாரம்.

இதனை வெறும் ஆறுதல் வார்த்தையென எண்ணிவிடலாகாது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற எமக்கு இதன் பெறுமதி நன்கு புரிகின்றது. ஒரு மாணவனுக்குப் பாடம் விளங்கவில்லையெனில் அவனிடத்திற் குறை தேடலாம். வகுப்பிலுள்ள முப்பது பேருக்கும் விளங்கவில்லையெனில், குறை பாடநூலிலோ கற்பித்த முறையிலோதான் இருக்கின்றது. கணனி நிறுவனங்களோ அந்த முப்பது பேரையும் மக்குகளாகவே நடத்தி வந்தன. நீங்கள் மக்குகள் அல்லர், பாடநூலைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள் என்று ஒருவர் அவர்கள் பக்கம் நின்று உரத்துச் சொன்னார்.

அவர் கைக்கொண்ட ஒழுக்கமும் குறிப்பிடத்தக்கது. நிறுவனங்களிடமிருந்து கருவிகளை இரவலாகப் பெற்றுத் தாமே பாவித்துப் பார்த்து, பின்னர் திருப்பி அனுப்பினார். அவற்றிடம் பணமோ பரிசோ பெறவில்லை. தாம் எழுதும் நிறுவனங்களின் பங்குகளையும் வைத்திருக்கவில்லை. இவ்விதிகளை வாசகர் அறிய வெளிப்படையாகவே எழுதி வைத்தார். வாசகரின் கேள்விகளுக்கு விடையளிப்பதற்கெனத் தனியான ஒரு பத்தியையும் நடத்தினார். 2007இல் ஸ்டீவ் ஜொப்ஸ், பில் கேற்ஸ் ஆகிய இருவரும் ஒரே மேடையில் அமர்ந்து அவருக்கும் காரா சுவிஷருக்கும் செவ்வி அளித்தனர். அப்பிள் நிறுவனத்தின் பக்கம் அவர் சாய்ந்தார் எனக் குறை கூறியோரும் உளர். ஆயினும் வாங்குபவரின் பணத்தையும் நேரத்தையும் தமது அளவுகோலாகக் கொண்டமையை எவரும் மறுத்தற்கில்லை. 2017இல் ஓய்வு பெறும்போது எழுதிய இறுதிப் பத்தியிலும், கணனி எம்மைச் சூழ்ந்த பொருட்களுக்குள் மறைந்துவிடும் காலத்தில் மக்களின் அந்தரங்கத்தைக் காக்க வலுவான சட்டம் வேண்டுமென வலியுறுத்தினார்.

அகதிக் குடும்பங்களுக்கு இதனால் ஆவது என்ன என்று கேட்கலாம். பிரித்தானியாவில் எம்மவர் பலரின் வதிவிட உரிமையைக் காட்டிய அட்டைகள் 2024 டிசெம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாயின. அவ்வுரிமை இப்பொழுது இணையக் கணக்கொன்றினுள் இருக்கின்றது. வேலை கொடுப்பவருக்கும் வீடு கொடுப்பவருக்கும் அதனை நிரூபிக்க, அக்கணக்கினுள் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெற்றுக் கொடுத்தல் வேண்டும். உள்ளே நுழைவதற்கான இரகசிய எண்ணோ தொலைபேசிக்கு அல்லது மின்னஞ்சலுக்கு வருகின்றது. தொலைபேசி இலக்கம் மாறினால், அல்லது அங்கே பதிந்திருப்பது பிள்ளையினதோ முகவரினதோ இலக்கமாயின், தமது உரிமையைத் தாமே திறந்து பார்க்க முடியாதவராகின்றோம். உயிரைக் கையிற் பிடித்து வந்து பெற்ற உரிமையின் திறப்பு இன்னொருவர் சட்டைப்பையில் இருப்பது தகுமா? அதில் உங்கள் சொந்த இலக்கமும் சொந்த மின்னஞ்சலுமே இருத்தல் வேண்டும்.

இத்தகைய விடயங்களை எமது மொழியில், விற்பவரின் குரலிலன்றி வாங்குபவரின் குரலில் விளக்குவோர் எம்மிடையே மிகச் சிலரே. எமது பத்திரிகைகளில் வரும் கருவிப் பக்கங்கள் பலவும் விளம்பரத்தின் நீட்சியாகவே இருக்கின்றன. எம் பிள்ளைகளிற் பலர் கணனித் துறையில் நல்ல நிலையில் உள்ளனர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று வாசல்களை மட்டுமே காட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், இதுவும் மதிப்புள்ள தொழிலே என்பதை உணர்தல் வேண்டும். அதற்குத் தேவையானவை தெளிந்த தமிழும், கைந்நீட்டாத நேர்மையும், தன் தாய்க்கு விளங்கும்வரை ஒரு வசனத்தைத் திருத்தி எழுதும் பொறுமையுமே.

அதுவரை, விளங்காததை விளங்கவில்லையெனச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒப்பந்தமாயினும் கடவுச்சொல்லாயினும், உங்கள் கேள்விகளை இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். அறிந்தோர் விடையளிக்க முன்வரட்டும்.