பற்றாக்குறை யாருக்கு?

கொல்கத்தாவின் பவானிபூரில் இந்திர ராய் சாலை என்றொரு தெரு உண்டு. அந்தப் பெயருக்குரிய இந்திர லால் ராய் 1898இல் கல்கத்தாவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் பறக்கும் படையில் சேர்ந்தவர். கண்பார்வை போதாது என்று படை அவரை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு, படையின் முடிவை மாற்றவைத்தார். 1918 ஜூலையில் பதின்மூன்று நாட்களுக்குள் பத்து வான்வெற்றிகள்; அதே மாதம் 22ஆம் நாள் பிரான்ஸின் வானில் மரணம். வயது பத்தொன்பது. அதுவரை அவர் பறந்திருந்த மொத்த நேரம் ஏறத்தாழ 170 மணி.

இன்று இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அந்த 200 மணியை முடித்து, வானிலையியல், வான்வழிச் செலுத்துகை, விமானச் சட்டம் எனத் தாள் தாளாகத் தேர்வெழுதி, உரிமத்தைக் கையில் வாங்கிய பின்னும் வேலையின்றி வீட்டில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ராய் விற்றது ஒரு மோட்டார் சைக்கிள். இவர்களுடைய பெற்றோர் விற்றது வீடு, நிலம், நகை. போர்க்கால அரசு தன் விமானிகளைச் சாவுக்குக் கொடுத்தது; அதை யாரும் பொற்காலம் என்று கொண்டாடவேண்டியதில்லை. ஆனால் பறக்கக் கற்பிக்கும் செலவை அது மாணவனின் தலையில் கட்டவில்லை.

இந்தச் சூழலில்தான் ‘விமானிப் பற்றாக்குறை’ என்னும் சொல் அமைச்சர்களின் உரைகளிலும், நாளேடுகளின் கல்வி இணைப்புகளிலும், பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கான கொள்முதலை அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும், 2024 ஜனவரியில் ஆகாசா 150 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. இத்தனை விமானங்களை ஓட்ட ஆள் வேண்டாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்வியின் முதுகில் ஏறித்தான் மொத்த வணிகமும் நடக்கிறது.

தமிழ் இலக்கணம் ‘தொகை’ என்று ஒன்றைச் சொல்லும். இரண்டு சொற்கள் சேரும்போது இடையில் நிற்கவேண்டிய உருபு மறைந்துவிடும்; கேட்பவர் அதை விரித்துப் பொருள் கொள்ளவேண்டும். ‘விமானிப் பற்றாக்குறை’யும் அப்படிப்பட்ட தொகைதான். எந்த விமானி பற்றவில்லை? யாருக்குப் பற்றவில்லை? என்ன ஊதியத்துக்குப் பற்றவில்லை? விரித்துப் பார்த்தால் விளம்பரத்தின் உயிர் போய்விடும் என்பதால் யாரும் விரிப்பதில்லை.

2025 டிசம்பர் இதை ஓரளவு விரித்துக் காட்டியது. விமானிகளின் பணிநேரத்தையும் ஓய்வையும் வரையறுக்கும் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே 36 மணியிலிருந்து 48 மணியாகியிருந்தது. இப்போது இரவுத் தரையிறக்கங்களின் எண்ணிக்கை வெட்டப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே இண்டிகோவின் கால அட்டவணை சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாய்க் குவிந்தன. ‘பார்த்தீர்களா, பற்றாக்குறை!’ என்றது ஊர். ஆனால் அந்நாட்களில் வெளியான கணக்கு வேறு கதை சொன்னது. நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 பிரிவுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422 பேர்; இருந்தவர்கள் 2,357 பேர். தேவைப்பட்ட துணை விமானிகள் 2,153 பேர். இருந்தவர்கள் 2,194 பேர். கேப்டன்களில் 65 பேர் குறைவு, துணை விமானிகளில் 41 பேர் மிகுதி. புதிதாக உரிமம் பெற்றவர் போய் அமரக்கூடிய இருக்கை துணை விமானியின் இருக்கை ஒன்றுதான். அந்த இருக்கையில் அன்று பற்றாக்குறை இல்லை.

கேப்டனை உருவாக்கக் காலம் பிடிக்கும். விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1,500 மணி நேரப் பறத்தல் தேவை; நிறுவனத்தின் சொந்த அளவுகோல் பெரும்பாலும் அதற்கும் மேலே இருக்கும். இன்றைய கேப்டன் குறைவு என்பது சில ஆண்டுகளுக்கு முன் துணை விமானிகளாகச் சேர்க்காமல் விட்டவர்களின் குறைவு. புதிய பணிநேர விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும் நிறுவனம் ஆள்சேர்ப்பை முடக்கி வைத்தது, ஊதியத்தை உறைய வைத்தது, பிற நிறுவனங்களோடு ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டது என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. இதோடு 2017இன் ஓர் ஆணையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கேப்டன் பணியிலிருந்து விலக ஓராண்டு முன்னறிவிப்பும், துணை விமானி ஆறு மாத முன்னறிவிப்பும் தரவேண்டும் என்கிறது அது. பொருள் அரிதானால் விலை ஏறும் என்பது சந்தையின் விதி. விமானியின் உழைப்பு அரிதாகும்போது மட்டும் விதி திருத்தப்படுகிறது. உள்ளே இருப்பவருக்குக் கதவு பூட்டு. வெளியே இருப்பவரிடம் கதவு திறந்தேயிருக்கிறது என்ற விளம்பரம்.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற எண். அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் இந்தியாவுக்கு 30,000 விமானிகள் தேவை என்கிறது அரசு. கேட்பதற்குப் பெரிதுதான். இருபதால் வகுத்தால் ஆண்டுக்கு 1,500. பதினைந்தால் வகுத்தால் 2,000. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023இல் மட்டும் வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 1,622. அதாவது, அரசின் சொந்த நம்பிக்கைக் கணக்குக்கு ஏறத்தாழ ஈடாகவே உரிமங்கள் ஏற்கெனவே அச்சாகின்றன. ஓய்வு பெறுவோர், வெளிநாடு செல்வோர் என்று சில நூறைக் கூட்டிக்கொண்டாலும், ‘உரிமம் வாங்கினால் போதும், வேலை வாசலுக்கு வரும்’ என்று சொல்லும் அளவுக்கு இதில் எந்த இடைவெளியும் இல்லை.

அந்தத் தேவையும் ஆண்டுக்கு ஆண்டு சீராக வராது. ஒட்டன்சத்திரம் சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தக்காளி விலை ஏறிய மாதத்தில் எல்லோரும் நாற்று நடுவார்கள். காய் பழுக்கும் நாளில் கூடை சாலையோரத்தில் கொட்டப்படும். விமானிப் பயிற்சி என்னும் பயிர் விளைய இரண்டாண்டுகளாவது ஆகும். 2000களின் நடுவில் புதிய நிறுவனங்கள் முளைத்தபோது சேர்ந்தவர்கள் உரிமத்தோடு வந்து நின்ற 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அடுத்த ஆண்டு கொரோனாவில் வானமே வெறுமையாயிற்று. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு நிறுவனம் சாயும்போதும் ஆயிரக்கணக்கான மணி பறந்த அனுபவசாலிகள் வேலை தேடி வரிசையின் முன்னால் வந்து நிற்பார்கள். 200 மணிக்காரர் பின்னுக்குத் தள்ளப்படுவார். 2023 பிப்ரவரியின் 470 விமானச் செய்தியைப் படித்துப் பயிற்சிக்குச் சேர்ந்தவர் மூன்றே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் செய்தியையும் படித்திருப்பார். கட்டிய பணம் மட்டும் திரும்பாது.

வங்காளியில் ‘ஆர்காட்டி’ என்றொரு சொல் உண்டு. அகராதியில் அதற்கு இரண்டு பொருள். ஆற்றுமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டிச் செலுத்துபவர், அதாவது பைலட், என்பது ஒன்று. தோட்டங்களுக்குக் கூலியாட்களைப் பிடித்துக் கொடுப்பவர் என்பது மற்றொன்று. தமிழருக்குக் கங்காணி எப்படியோ அப்படி. 1834 முதல் 1917 வரை கல்கத்தாத் துறைமுகம் வழியாக மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டார்கள். கப்பலேறுமுன் அவர்களை அடைத்துவைத்த டிப்போக்களில் ஒன்று பவானிபூரிலேயே இருந்தது. அந்த நாளைய ஆர்காட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. ஏறியவன் கரை சேர்ந்தானா, சேர்ந்து என்ன ஆனான் என்பது அவனுடைய கணக்கில் வராது.

கோடி ரூபாய் புரட்டக்கூடிய குடும்பத்தின் பிள்ளையை ஒப்பந்தக் கூலியோடு ஒப்பிடுவது அந்தக் கூலிகளுக்கு இழைக்கும் அநீதி. ஒப்பீடு தரகரைப் பற்றியது மட்டுமே. இன்றைய பயிற்சிப் பள்ளிக்கும், அதற்கு ஆள் சேர்க்கும் ‘ஆலோசனை மைய’த்துக்கும் வருமானம் சேர்க்கையில் இருக்கிறது, வேலையில் இல்லை. மாணவன் துணை விமானியானாலும் ஆகாவிட்டாலும் அவர்கள் கணக்கு சேர்க்கை நாளன்றே நேராகிவிடுகிறது. பயிற்சியின் தரத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிடத் தளர்ந்தது. இயக்குநரகம் 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டபோது மிக உயர்ந்த இரு நிலைகளில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை.

செலவைப் பற்றியும் பேசியாகவேண்டும். ரே பரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி பறத்தல் அகாடமியிலேயே கட்டணம் சுமார் 45 லட்சம். தனியார் பள்ளிகளில் அதற்கும் மேல். உரிமம் வந்தாலும் வேலை கேட்க முடியாது. ஏ320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ வேண்டும். அதற்குத் தனியே பல லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் ‘கேடட்’ திட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது. பட்டியலின மாணவருக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித் திட்டத்தில் தனியார் பறத்தல் மன்றத்தில் பயில்வோருக்கு வைக்கப்பட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம். 3.72 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த மாணவன் எதைக் கொண்டு கடப்பான்? பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவும் வணிகவியலும் படித்தவர்களையும் அனுமதிக்கலாம் என்ற யோசனை 2025இல் முன்வைக்கப்பட்டது. கொள்கையளவில் நல்லதுதான். ஆனால் காசாளரின் சாளரம் இருந்த இடத்திலேயே இருக்க, இயற்பியல் கதவை மட்டும் கழற்றினால் உள்ளே போவது யார் என்பது வெளிப்படை.

இந்திய ரயில்வே தன் துணை லோகோ பைலட்டுகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, தன் செலவில் பயிற்றுவிக்கிறது. ரயில் எஞ்சினை ஓட்டக் கற்க யாரும் வீட்டை அடமானம் வைப்பதில்லை. விமான நிறுவனம் மட்டும் தன் விமானத்தை, தன் நடைமுறைப்படி, தன் லாபத்துக்காக ஓட்டக் கற்றுவரும் செலவை விண்ணப்பதாரரிடமே வசூலிக்கிறது. அதன் பெயர் ‘திறன் மேம்பாடு’.

‘வயது வந்தவர்கள் தெரிந்தே எடுக்கும் துணிவு, மருத்துவப் படிப்புக்கும் கோடி கொட்டுகிறார்களே’ என்ற மறுப்பு உடனே வரும். தெரிந்தே என்பதுதான் பொய். மருத்துவர் வேலை கிடைக்காமல் இரண்டாண்டு இருந்தாலும் மருத்துவராகவே இருப்பார். தெருமுனையில் ஒரு கிளினிக் போடலாம். விமானி விமானமின்றி விமானியாக இருக்க முடியாது. கருவிவழிப் பறத்தல் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். உடற்தகுதிச் சான்றுக்கு மீண்டும் மீண்டும் மருத்துவரிடம் போகவேண்டும். கை மறக்காதிருக்க வாடகைக்குப் பறக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம். 2023 அக்டோபரில் உரிமத்தின் செல்லுபடிக் காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீட்டினார்கள். காகிதத்துக்கு ஆயுள் கூடியது. அதை வைத்திருப்பவரின் கைப்பழக்கத்துக்கு அப்படி ஓர் அரசாணை போட முடியாது.

ஆள்சேர்ப்பு மீண்டும் சூடுபிடித்திருப்பது உண்மை. பணிநேர விதிகளை இனி ஏமாற்ற முடியாதென்றால் கூடுதல் விமானிகளை எடுத்தே ஆகவேண்டும். சில நூறு பேருக்கு வேலை கிடைக்கும், கிடைக்கட்டும். ஆனால் அந்த இடங்களுக்கு முதல் உரிமை, ஏற்கெனவே உரிமத்தோடு காத்திருப்பவர்களுடையது. இந்தச் செய்தியைக் காட்டி அடுத்த அணிக்குச் சேர்க்கை நடத்துவது மோசடி.

உரிமம், மருத்துவச் சான்று, புதுப்பித்தல் அனைத்தும் இயக்குநரகத்தின் மின்னாளுகைத் தளத்திலேயே நடக்கின்றன. எந்த உரிமதாரர் எந்த நிறுவனத்தில் பறக்கிறார், யார் எங்குமே பறக்கவில்லை என்பதை ஒரு நாள் வேலையில் எண்ணிவிடலாம். ஆண்டுதோறும் வழங்கப்படும் உரிமங்களின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கும் அமைச்சகம், அதே அறிக்கையில், அதே எழுத்தளவில், வேலையற்ற உரிமதாரர்களின் எண்ணிக்கையையும் பள்ளிவாரியாக வெளியிடட்டும். டைப் ரேட்டிங் செலவை நிறுவனமே ஏற்று, வேண்டுமானால் நியாயமான காலத்துக்குப் பணி ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளட்டும். இவ்விரண்டும் நடக்கும்வரை, ‘பற்றாக்குறை’ என்று சொல்லி வருபவரிடம் பெற்றோர் கேட்கவேண்டியது, சென்ற ஆண்டு உங்களிடம் உரிமம் பெற்றவர்களில் இன்று எத்தனை பேர் பறக்கிறார்கள் என்பதைத்தான். எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம்.