கிணற்றுப் பங்கு

ஆற்று வளமில்லாத நிலத்திலே சோற்று வளம் தேடுவது எங்ஙனம் என்னும் வினா, ஆபிரிக்கச் சிற்றூர்களைக் குறித்தே இக்காலத்தில் பெரிதும் எழுப்பப்படுகின்றது. அறிஞர் கூடி ஆராய்கின்றனர். ஆராயட்டும், வேண்டிய பணியே. ஆயினும், அதே வினாவுக்குத் தலைமுறை தலைமுறையாக விடை கண்டுவந்த உடுப்பிட்டியில் இருந்துகொண்டு, நாம் அவ்விடையை மறந்து வருகின்றோமே என்பதுதான் என் கவலை.

எமது ஊரில் ஆறில்லை. குடாநாடு முழுவதிலுமே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவதே. ஆண்டில் ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனைச் சுண்ணக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. நிலத்தின் கீழே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது என்பதை மாணவர் நூலிற் படித்திருப்பர். கண்ணால் அறிய விரும்புவோர் புத்தூர் நிலாவரைக்குப் போகலாம். மேலே நன்னீர், ஆழத்தே உவர்நீர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கணக்கு. வெடிப்பும் குகையும் மலிந்த எமது கல்லில் அது அச்சொட்டாகப் பொருந்தாது எனினும், அதன் எச்சரிக்கை பொருந்தும். மேலே ஓரடி இறைத்தவன் கீழே நாற்பது அடியை இழக்கின்றான்.

இக்கணக்கை அறியாமலே எம் முன்னோர் அதற்கேற்ப வாழ்ந்தனர். துலாவை எண்ணிப் பாருங்கள். ஆடுகாலின்மேற் கிடக்கும் நெடிய துலாவில் ஒருவர் இருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி வாய்க்காலைத் திருப்பிவிடுவார். விடியுமுன் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்போது ஓயும். மனிதனின் கால் களைக்கும்போது கிணறும் இளைப்பாறும். இரவில் ஊற்று ஊறி மீளும். அதற்கு மேலாக ஒரு சட்டமும் இருந்தது: பங்கு. ஒரு கிணறு பலருக்கு உரியது. இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. உறுதிகளிலே காணிப் பரப்போடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டன. முறை தவறி இறைத்தவனோடு ஊரே முரண்பட்டது. இப்பங்கினால் எழுந்த வழக்குகளும் வெட்டுக்குத்துக்களும் கொஞ்சமல்ல என்பது உண்மையே. ஆனால், நீருக்கு அளவுண்டு என்ற நினைவை அவ்வழக்குகளே காத்து வந்தன போலும்!

பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. 1970இன் பின் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில் எம் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். பிள்ளைகளைப் படிப்பித்தனர், வீடு கட்டினர். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. இயந்திரம் மட்டும் நின்றுவிட்டது. அதற்குக் களைப்பில்லை, முறையுமில்லை. இட்ட உரமோ, இறைத்த நீரோடு கல்லின் வெடிப்பு வழியே மீண்டும் கிணற்றுக்கே இறங்கிற்று. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுவதை ஆய்வாளர் 1980களிலேயே எடுத்துரைத்தனர்.

துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது முதுகை முறிக்கும் வேலை. அதை அழகென்று பாடுவோர் ஒருநாளாவது மிதித்துப் பார்க்க வேண்டும். 1990இன் பின்னர்ப் பொருளாதாரத் தடையினால் எண்ணெயும் யூரியாவும் அரிதான காலத்தில் எம்மவர் மீண்டும் கையால் இறைத்தனர். அது விரும்பிச் செய்ததன்று. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோதும் பயிர் வாடிற்று. எண்ணெய்க் கப்பலை நம்பி நிற்கும் உணவு உறுதியான உணவாகாது. கதிரொளியில் ஓடும் இறைப்பு இயந்திரம் நல்ல மாற்று என்கின்றனர். நல்லதே, ஆனால் எண்ணெய்ச் செலவும் இல்லாத இயந்திரத்தை யார் நிறுத்துவார்? பங்கு முறை இல்லாத இடத்தில் அது கிணற்றுக்கு இன்னும் பெரிய பகையாகும்.

துலாவுக்கு ஒப்பான ஏற்றம் எகிப்திலும் வட நைஜீரியாவிலும் உண்டு. அதனினும் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது புர்கினா பாசோவில் யக்கூபா சவடோகோ என்னும் உழவர் செய்த வேலை. 1980களின் வறட்சியில் அவர் கிணறு தோண்டவில்லை. இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகளைத் தோண்டி, எருவிட்டு, வரும் மழையை அவ்விடத்திலேயே நிறுத்தினார். தரிசு நிலம் தானியம் தந்தது, காடும் வளர்ந்தது. 2018இல் உலகம் அவருக்கு விருதளித்தது. இறைப்பதற்கு முன் நிரப்பவேண்டும் என்பதை அவர் கண்டார். எம்மிடம் குழி தோண்டும் வேலைகூட இல்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் முன்னோர் தோண்டி வைத்தவை. தூர்ந்தும் குப்பை நிறைந்தும் மதிலுக்குள் அகப்பட்டும் கிடப்பவை அவற்றுட் பல.

பெருந்திட்டங்களை நான் வெறுப்பவனல்லன். எமக்கு அண்மையில் தொண்டைமானாற்றுக் கதவணை உவரைத் தடுக்கவும் மழைநீரைத் தேக்கவும் கட்டப்பட்டதே. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ இன்றும் முற்றுப்பெறவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிக்க உதவும்; அந்நீரை வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்ச எந்தத் தோட்டக்காரனுக்கும் கட்டாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கின்றேன். ஒவ்வொரு பாடசாலையிலும் கிணறு உண்டு. முடிச்சிட்ட ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். வெள்ளிதோறும் மாணவர் நீர்மட்டத்தை அளந்து, வாசலிற் கரும்பலகையில் எழுதட்டும். சித்திரையில் எத்தனை முழம் இறங்கிற்று, தை பிறக்கையில் எத்தனை முழம் ஏறிற்று என்பது கண்ணெதிரே நின்றால், குளத்தைத் தூர் வாரும் பேச்சுக்கும், அடுத்த தோட்டத்தானோடு இறைப்பு முறை பேசுவதற்கும் ஒரு பிடி கிடைக்கும். வருகிற மாரிக்கு முன்னரே தொடங்கலாம்.