இதையெல்லாமா பிஏ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இன்று ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள். இளங்கலை மூன்றாம் ஆண்டு ஆய்வுமுறைத் தாளுக்கு, கல்லூரி வளாகங்களில் நடக்கும் பாலியல் வன்முறையைப் பொருளாக எடுத்திருக்கிறாள். துறையில் முணுமுணுப்பு. நம் குடும்பக் குழுவில் சொன்னபோது என் மைத்துனரும், "இதையெல்லாமா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது? வரதட்சணை, குடிநீர்ப் பிரச்சினை என்று எவ்வளவோ இருக்கே" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆய்வுமுறை என்பது மாணவர்கள் கொட்டாவி விடும் தாள். மாதிரி எடுப்பது, வினாநிரல் தயாரிப்பது, செல்லுபடித்தன்மை, நம்பகத்தன்மை. மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போவார்கள். ஒரு கேள்வியின் சொல் மாறினால் விடை எப்படித் தலைகீழாகும் என்று காட்ட, இந்தப் பொருளைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மேரி காஸ் என்ற உளவியலாளர் 32 கல்வி நிலையங்களில் 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. "நீங்கள் பலாத்காரத்துக்கு ஆளானீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. உங்கள் விருப்பமில்லாமல், பலத்தையோ மிரட்டலையோ பயன்படுத்தி, இன்னது நடந்ததா என்று நிகழ்வை விவரித்துக் கேட்டார். 14 வயதுக்குப் பிறகு, சட்டப்படி பலாத்காரம் அல்லது அதற்கான முயற்சி என்று சொல்லத்தக்க அனுபவம் தங்களுக்கு நேர்ந்ததாகப் பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர் சொன்னார்கள். பலாத்காரம் என்ற வரையறைக்குள் வந்தவர்களிலேயே பெரும்பாலோர் அதை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. அப்படியானால் எது உண்மை, ஆய்வாளர் வைத்த பெயரா, அந்தப் பெண் வைத்த பெயரா? இதை வைத்து அங்கே பெரிய சண்டையே நடந்தது. ஒரு வகுப்பறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது உதாரணம் இன்னும் எனக்குப் பிடித்தது. எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன், பிரையன் ஸ்வீனி மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை. ஆய்வுக் குழுவினர் ஒரு பல்கலைக்கழக விடுதியில், பெண்கள் தளத்தில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். 21 வயதுக்குக் கீழே மது கூடாது என்பது சட்டம். விடுதியில் கண்காணிப்பு கடுமை. பெண்கள் சங்க வீடுகளிலும் மது விருந்துக்குத் தடை. ஆக, முதலாண்டுப் பெண்கள் விருந்துக்குப் போக வேண்டுமானால் ஆண்கள் சங்க வீட்டுக்குத்தான் போக வேண்டும். வாசலில் யாரை விடுவது, என்ன குடிக்கக் கொடுப்பது, வண்டி எப்போது திரும்பும் என்பதெல்லாம் அந்த ஆண்கள் கையில். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விதியும் நல்ல விதிதான். சேர்ந்து அவை உண்டாக்கிய நிலைமையைப் பாருங்கள். "கெட்ட பையன்", "கவனமில்லாத பெண்" என்று பேசி முடிக்கிற விஷயத்தில் இப்படி நிறுவனத்தைப் பார்க்கக் கற்பதுதான் ஐயா சமூகவியல்.

இங்கேயும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியது நிறைய. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்கள் விடுதிக்கு ஒரு நேரம், ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம். பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திப் பாதுகாப்புத் தரக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 'சக்ஷம்' அறிக்கை 2013இலேயே சொல்லிவிட்டது. எத்தனை விடுதிகளில் கதவு சாத்தும் நேரம் மாறியிருக்கிறது? மாணவர்கள் போய்க் குறித்துவரட்டுமே.

ஆனால் ஒன்றில் நான் கறார். பத்தொன்பது வயதுப் பிள்ளை கையில் வினாநிரலைக் கொடுத்து, "பாதிக்கப்பட்டவர்களைப் போய்ப் பேட்டி எடு" என்று அனுப்பக்கூடாது. எதிரே இருக்கும் பெண் உடைந்து அழுதால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பெயரை மறைத்தால் போதும் என்பதும் சரியல்ல. நாற்பது பேர் படிக்கும் துறையில் "விடுதியில் தங்கிய, இரண்டாம் ஆண்டு, இன்ன மாவட்டத்துப் பெண்" என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வகுப்பிலேயே அப்படியொரு அனுபவத்தைச் சுமந்துகொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். வேறு பொருள் எடுக்க அவளுக்கு வழி இருக்க வேண்டும், காரணம் கேட்காமல்.

பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிடுங்கள், நிர்வாகத்தை ஆராயுங்கள் என்பேன். மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அதில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் உண்டு, அவர்களும் தேர்தல் மூலம் வர வேண்டும். உங்கள் கல்லூரியில் தேர்தல் நடந்ததா? உறுப்பினர் பெயர்ப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது, முதல்வர் அறைக்கு உள்ளேயா வெளியேயா? நூறு மாணவர்களைக் கேட்டால் எத்தனை பேருக்குக் குழுத் தலைவர் பெயர் தெரியும்? இதில் யாரும் காயப்பட மாட்டார்கள், நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கூச்சம் வரும், அவ்வளவுதான். முணுமுணுப்பு அங்கிருந்துதான் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் கல்லூரியில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று கீழே எழுதுங்களேன். கல்லூரிப் பெயர் வேண்டாம்.