கட்டணத்தைக் கடைசி வரிக்குத் தள்ளுவோம்

எந்த ஆப்பில் டீமேட் கணக்கு தொடங்கலாம் என்று வாடிக்கையாளர் கேட்டதும், ஆலோசகர்களாகிய நம் கை போவது கட்டண அட்டவணைக்குத்தான். டெலிவரிக்குத் தரகு உண்டா, ஓர் ஆர்டருக்கு 20 ரூபாயா, அதற்கும் குறைவா என்பதே அதன் முதல் வரி. 2010-இல் ஜெரோதா என்ற தள்ளுபடித் தரகர் வந்தபோது அந்த வரிக்கு அர்த்தம் இருந்தது. மற்றத் தரகர்களின் அரை சதவீதத் தரகு என்றால் 1 லட்சம் ரூபாய்ப் பங்குக்கு 500 ரூபாய் போய்விடும். இன்று அதே 1 லட்சத்துக்கு டெலிவரியில் வாங்கினால் பங்குப் பரிவர்த்தனை வரி 100 ரூபாய், முத்திரைத் தீர்வை 15 ரூபாய்; எந்த ஆப்பிலும் இவை மாறா. அதிக வணிகம் தரும் தரகருக்குச் சந்தைகள் தந்துவந்த கட்டணச் சலுகையையும் 2024 அக்டோபர் 1 முதல் செபி நிறுத்திவிட்டது. தள்ளுபடித் தரகர்களுக்குள் மிஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் 20 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு முதல் வரியை ஒதுக்குவது பழகிப்போன சோம்பல்.

உண்மையான வித்தியாசம் தெரிவது கோளாறு நேரும் நாளில். ‘எல்லோரும் ஒரே சந்தைக்குத்தானே ஆர்டர் அனுப்புகிறார்கள், இதில் என்ன வித்தியாசம்?’ என்பார்கள். 2021 பிப்ரவரி 24 இதற்குப் பதில் சொல்கிறது. அன்று தேசியப் பங்குச்சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. சந்தை மீண்டும் திறக்குமா என்பது வழக்கமான முடிவு நேரம் நெருங்கும்வரை தெரியவில்லை. சில தரகர்கள் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே நிலைகளை மும்பைப் பங்குச்சந்தை வழியாக முடித்துவிட்டார்கள். தேசியப் பங்குச்சந்தையோ 3.45-க்குத் திறந்து 5 மணிவரை நடந்தது. பழுது சந்தையினுடையது, ஆனால் எப்போது, எந்த விலையில் வெளியேற்றப்பட்டோம் என்பதைத் தரகரின் இடர் மேலாண்மை விதிதான் தீர்மானித்தது. அந்த விதியை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் அச்சிடுவதில்லை.

நீண்டகால முதலீட்டாளருக்கு ஐந்து நிமிடத் தடங்கல் ஒரு பொருட்டா என்ற கேள்வி நியாயமானது. மாதம் ஒருமுறை வாங்குபவருக்குப் பொருட்டில்லைதான். ஆனால் தடங்கல் மட்டுமே கோளாறு அல்ல. செபியின் 2022 நவம்பர் சுற்றறிக்கை, ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ சேவை நிற்பதோடு, அதே அளவு நேரம் வேகம் குறைவதையும் வழக்கத்திலிருந்து மாறுபடுவதையும் கோளாறு என்றே வரையறுத்தது. நிறைவேறிவிட்ட ஆர்டர் திரையில் ‘நிலுவை’ என்று நின்றால், பொறுமையான முதலீட்டாளரும் இன்னொரு முறை அழுத்துவார். வேண்டியதைப்போல் இரு மடங்கு பங்கு கணக்கில் வந்து சேரும்.

2023 அக்டோபரில் சந்தைகள் சேர்ந்து தொடங்கிய இர்ரா தளம் இருக்கும்போது கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. தரகரின் அமைப்பு முடங்கினால் இர்ரா வழியே திறந்த நிலைகளை முடிக்கலாம், நிலுவை ஆர்டர்களை ரத்து செய்யலாம். புதிதாக வாங்க முடியாது. அது வெளியேறும் கதவு மட்டுமே.

அப்படியானால் கட்டணத்துக்குப் பதிலாகக் கோளாறுகளை எண்ணித் தரகர்களை வரிசைப்படுத்தினால் பெரிய நிறுவனங்களுக்கு அநீதி ஆகாதா? ஆகும். வெறும் எண்ணிக்கை, ஒளிக்காமல் அறிவிப்பவரைத்தான் தண்டிக்கும். புகார்களைச் செயல்படும் வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். சந்தைக்குத் தரகர் தரும் மூலகாரண அறிக்கையைப் படிக்க வேண்டும். ஒரே காரணம் மறுபடியும் வந்தால், அது எண்ணிக்கையைவிட அதிகம் சொல்லும். வேலை கூடத்தான் செய்யும். ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறோமே.

இன்னொன்று. தொலைபேசியில் ஆர்டர் கொடுக்கவும், இன்ட்ராடே நிலையைத் தரகரே முடித்துவைக்கவும் பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் அது இருக்கும். ஆப் முடங்கியதால்தான் வாடிக்கையாளர் தொலைபேசியை எடுத்தார் என்றால், அப்போதும் அந்தக் கட்டணம் உண்டா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் கேட்டு வாங்குங்கள்.