வீட்டை விற்கலாம், குளத்தை மூடலாமா?

வீட்டை விற்க எண்ணுபவர் என்ன செய்வார்? சுவருக்கு வெள்ளையடிப்பார், உடைந்த கதவைச் சரிசெய்வார். பிரிட்டனில் சிலர் இன்னொன்றும் செய்வதுண்டு. கொல்லைப்புறத்துச் சிறு குளத்தை மண்கொட்டி மூடிவிடுவார்கள். அந்நாட்டில் தவளைக்கும் தும்பிக்கும் என்றே பலர் தோட்டத்தில் குளம் அமைக்கிறார்கள். குழி தோண்டி, நீர் கசியாத ரப்பர் விரிப்பைப் பரப்பி, மழைநீரை நிரப்பினால் போதும். உயிரினங்கள் தாமாகவே வந்து சேரும்.

இதை மூடுவதற்குக் காரணமும் கூறுவார்கள். வாங்க வருபவருக்குச் சிறு குழந்தை இருந்தால்? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தவழும் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குல நீரே போதும். ஆனால் ஆபத்தை நீக்கக் குளத்தையே அழிக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அக்குளத்தில் குடியிருப்போரைப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தவளைகள் அங்கு முட்டையிடுகின்றன. ஒரு பெண் தவளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே திரளாக இடக்கூடும். தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறுவதற்குள் கோடை வந்துவிடும். சில வகைத் தும்பிகளின் இளம் பருவம் ஓராண்டுக்கும் மேலாக நீரிலேயே கழிகிறது. குளிர்காலத்தில் ஆண் தவளைகள் சில அடிச்சேற்றில் உறங்குகின்றன. ஆக, எந்த மாதத்தில் மண் கொட்டினாலும் ஏதேனும் ஓர் உயிர் புதையுண்டு போகும்.

"பிடித்து வேறு குளத்தில் விட்டால் போயிற்று" என்பீர்களா? அதிலும் தீங்கு உண்டு. 1980களில் பிரிட்டனில் தவளைகளைக் கொல்லும் ரானா வைரஸ் நோய் தலைகாட்டியது. ஒரு குளத்துத் தவளையை இன்னொன்றுக்கு மாற்றினால் நோயும் உடன் செல்லக்கூடும்.

20ஆம் நூற்றாண்டில் மட்டும் பிரிட்டனின் நாட்டுப்புறக் குளங்களில் ஏறக்குறைய பாதி மறைந்துவிட்டன. எனவே வீட்டுத் தோட்டத்துக் குளங்கள் தவளைகளுக்கு முக்கியப் புகலிடமாகிவிட்டன. அவற்றையும் மூடினால் அவை எங்கே போகும்?

சரி, வேறு வழி என்ன? நீர்ப்பரப்பின் மேல் உறுதியான இரும்புக் கம்பி வலையைப் பொருத்தலாம். தவளை நுழையும், குழந்தை விழாது. முடிவை வாங்குபவரிடமே விட்டுவிடலாம்; அவரும் தும்பிகளை விரும்புபவராக இருக்கலாம் அல்லவா?

மூடியே தீரவேண்டும் என்றால், இனப்பெருக்கம் முடிந்து குளிர்கால உறக்கம் தொடங்காத செப்டம்பர், அக்டோபர் மாதங்களே ஏற்றவை. அப்போதும் சேதம் இல்லாமல் போகாது, குறையும். ஆனால் பல்லி போன்ற உருவமுடைய பெருங்கொண்டை நியூட் அங்கு வாழ்ந்தால் உரிமம் இன்றிக் கைவைக்கக் கூடாது. அதன் வாழிடத்தை 1981ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

நீர்ச்செடிகளை எடுத்தபின் ஓரிரு நாள் கரையிலேயே போட்டுவைத்தால், ஒட்டியுள்ள சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பும். பின்னர் நீரை மெல்ல இறைத்து, எஞ்சிய உயிர்களை அகற்றி, விரிப்பில் சில துளைகளிட்டு, மண் நிரப்பி, ஈரம் விரும்பும் செடிகளை நட்டால் அது சேற்றுத் தோட்டமாகிவிடும். அங்கே தவளைக்கு நிழலும் ஈரமும் கிடைக்கும். முட்டையிட நீர் கிடைக்காது. ஆகவே இது இரண்டாம் வழிதான்.

வீட்டின் விலையை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கிறார்கள். தவளையிடம் யாரும் கேட்பதில்லை. நாளை நீங்கள் வீடு விற்கும் நிலைக்கு வந்தால், அதன் சார்பிலும் ஒரு வார்த்தை பேசுங்கள்.